பரணில் இருந்த கரடி: பழைய பஞ்சுப் பொம்மைகளை மதிப்பிடும் வழி

வீடு மாறும்போதோ, பெரியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய பெட்டிகளைத் திறக்கும்போதோ ஒரு பழைய கரடிப் பொம்மை கைக்கு வரும். மங்கிப்போன தங்க நிறம், ரோமம் உதிர்ந்த வயிறு, தொங்கும் ஒரு காது. பார்த்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடலாம் என்பதுதான். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். காதைத் தைக்க வேண்டாம், சட்டையைக் கழற்றி எறிய வேண்டாம், கூடவே கிடந்த பழைய அட்டைப் பெட்டியைக் குப்பையில் போட வேண்டாம்.

பழைய பொம்மையின் மதிப்பு அது சுமந்து வரும் சான்றுகளில் இருக்கிறது. யார் செய்தது, எப்போது செய்தது, யாரிடம் இருந்தது ஆகிய மூன்றையும் பொம்மையின் உடம்பே சொல்லும். காதில் தெரியும் சின்னத் துளை, உள்ளங்காலில் தைத்த துணிச்சீட்டு, அழுத்தினால் உள்ளே நொறுங்கும் சத்தம், பாட்டி கையால் பின்னிய கம்பளிச் சட்டை எல்லாமே சாட்சிகள். தண்ணீர் பட்டால் சீட்டின் எழுத்து கரையும், உள்ளே அடைத்தது கட்டிதட்டும், மூட்டுகளுக்குள் இருக்கும் அட்டை வட்டுகள் ஊறிப் பிய்ந்துவிடும். மதிப்பிட்டு முடியும்வரை பொம்மை எப்படிக் கிடைத்ததோ அப்படியே இருக்கட்டும்.

பழையது எல்லாம் அரியது ஆகாது

டெடி கரடிகளின் வரலாறு 1902இல் இரண்டு ஊர்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்குகிறது. அந்த நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போயிருந்தார். கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுட அவர் மறுத்துவிட்டார். கிளிஃபோர்ட் பெரிமேன் அதை ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் கேலிச்சித்திரமாக வரைந்தார். புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டாம், ரோஸ் மிச்டாம் தம்பதி அதிபரின் செல்லப்பெயரை வைத்துத் துணிக் கரடி செய்து விற்றார்கள். ஜெர்மனியின் கிங்கன் என்ற சிற்றூரில் மார்கரெட் ஸ்டைஃப் நடத்திவந்த பொம்மைத் தொழிற்சாலையிலும் ஒரு கரடி உருவாகிக்கொண்டிருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர் அவர். அவருடைய தம்பி மகன்களில் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டைஃப், கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். 55 பிபி என்று பெயரிட்ட அந்தக் கரடி 1903இல் லைப்சிக் பொம்மைச் சந்தைக்குப் போனது. ஓர் அமெரிக்க வணிகர் 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்.

அந்த 55 பிபி கரடிகளில் ஒன்றுகூட இன்று மிஞ்சியதாகத் தெரியவில்லை. ஆனால் 1907ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டைஃப் நிறுவனம் செய்த கரடிகள் 9,74,000. ஆகவே நூறு வயது தாண்டிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் ஒரு கரடிக்கு விலை ஏறிவிடாது. எந்த நிறுவனம், என்ன நிறம், என்ன அளவு, எந்த நிலையில் இருக்கிறது, யாருடைய கரடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விலைக்கு வர முடியும்.

முதலில் இடது காது

ஸ்டைஃப் பொம்மைகளை அடையாளம் காட்டுவது இடது காதில் அடித்த உலோகப் பொத்தான். பிறர் தங்கள் பொம்மைகளைப் போலி செய்வதைத் தடுக்க 1904 முதல் அதைப் பொருத்தத் தொடங்கினார்கள். பொத்தானை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மிகப் பழையவற்றில் யானை உருவம் இருக்கும். அதே காலத்தை ஒட்டி எழுத்தே இல்லாத வெறும் பொத்தான்களும் உண்டு. அடுத்து வந்தவற்றில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்துகளில் இருக்கும். அதில் கடைசி எழுத்தின் கால் பின்னோக்கி வளைந்து பெயருக்கு அடியில் கோடு போல நீண்டால், கரடி 1905க்கும் 1950க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். 1950களில் பெயர் கையெழுத்துப் பாணிக்கு மாறியது. பித்தளை நிறப் பொத்தான் என்றால் 1970களின் பிற்பகுதியோ அதற்குப் பின்னரோ.

பொத்தானுக்கு அடியில் ஒரு துணிச்சீட்டின் மிச்சம் இருக்கலாம். 1926 வாக்கு வரை வெள்ளை, பின்பு 1934 வாக்கு வரை சிவப்பு, அதன்பின் மஞ்சள். இந்த இடத்தில் புதியவர்கள் ஏமாறுவது அதிகம். 1980 முதல் ஸ்டைஃப் தன் பழைய கரடிகளின் மறுபதிப்புகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெளியிட்டு வருகிறது. அவற்றுக்கும் வெள்ளைச் சீட்டுதான். நூற்றாண்டு விழாவுக்காக 1980இல் செய்த ‘பாப்பா’ கரடிகள் 11,000. சீட்டும் ரோமமும் புத்தம் புதிதாக இருந்து, கூடவே எண்ணிட்ட சான்றிதழும் இருந்தால் உங்களிடம் இருப்பது மறுபதிப்பு. அதற்கும் விலை உண்டு. பெட்டியும் சான்றிதழும் கூட இருந்தால்தான் உரிய விலை கிடைக்கும்.

காதில் பொத்தான் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். குழந்தை பிடுங்கி விழுங்கிவிடுமோ என்ற பயத்தில் அதைக் கழற்றிய தாய்மார்கள் பலர். காதின் அடிப்பகுதியில் துளையோ துருக்கறையோ தெரிகிறதா என்று பாருங்கள். உடம்பின் தையலில் ‘அமெரிக்க மண்டலம், ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட துணிச்சீட்டு இருந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில், 1947 முதல் 1953 வரையிலான காலத்தில், செய்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கையும் காதும் சொல்லும் வயது

சீட்டும் பொத்தானும் இல்லாத கரடிகளே அதிகம். அவற்றின் வயதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். முதலில் ரோமம். நல்ல பழைய கரடிகளின் மேல்துணி மோஹேர் எனப்படும் அங்கோரா ஆட்டு ரோமத்தில் நெய்தது. அதற்கு ஒரு மெல்லிய பளபளப்பு இருக்கும். ரோமம் உதிர்ந்த இடத்தில் அடியில் நெசவுத் துணி தெரியும். 1930களில் செயற்கைப் பட்டு ரோமம் வந்தது, 1950களில் நைலான் வந்தது. ரோமத்தைப் பிரித்துப் பார்க்கும்போது அடித்துணி பின்னல் துணியாக இருந்தால் அது பிற்காலத்தது.

அடுத்து வயிற்றைப் பெருவிரலால் மெல்ல அழுத்திக் காதருகே வையுங்கள். நறநறவென்று நொறுங்கும் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது மெல்லிய மரச்சுருள். தொடக்ககாலக் கரடிகளையும் பெரும்பாலான ஜெர்மன் கரடிகளையும் இப்படித்தான் இறுக்கி அடைத்தார்கள். எடை குறைவாக, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் இலவம்பஞ்சு. முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் அதை விரும்பிப் பயன்படுத்தின. பெரும்பகுதி ஜாவாவிலிருந்து போனது. இலவம்பஞ்சுத் தலையணையில் படுத்து வளர்ந்த தமிழர்களுக்கு அதன் இலேசும், ஈரம் பட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும் குணமும் கையிலேயே தெரியும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்வதை நீங்கள் ஒரு முறை அழுத்தியதுமே கண்டுபிடித்துவிடலாம். ரப்பர் நுரைத் துண்டுகள் என்றால் 1950களோ அதற்குப் பிறகோ. அந்த நுரை காலப்போக்கில் பொடியாகித் தையல் வழியே கொட்டும்.

கண்கள் எளிய அடையாளம். முதல் உலகப் போருக்கு முந்தைய கரடிகளுக்குப் பூட்ஸ் பொத்தான்களையே கண்ணாக வைத்தார்கள். கறுப்பு, ஒளி ஊடுருவாது. அதன்பின் கண்ணாடிக் கண்கள் பரவலாயின. கண்ணாடி தொட்டால் குளிரும். பிளாஸ்டிக் கண்கள் 1950களிலிருந்து. ஆனால் கண் மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. மரச்சுருள் அடைத்த மோஹேர் கரடிக்குப் பிளாஸ்டிக் கண் இருந்தால், கரடி பழையது, கண் பிந்தியது.

கடைசியாக உருவத்தைப் பாருங்கள். பழைய கரடிகள் நிஜக் கரடியை ஒத்திருக்கும்: முதுகில் கூன், நீண்ட மூக்கு, முழங்கால்வரை எட்டும் வளைந்த கைகள், பெரிய பாதம். ஆண்டுகள் செல்லச் செல்ல முகம் குழந்தை முகமாக உருண்டது, கைகள் குட்டையாயின, கூன் மறைந்தது. தலையின் நடுவே நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு தையல் ஓடும் தொடக்ககால ஸ்டைஃப் கரடிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. துணியை வீணாக்காமல் வெட்டுவதற்காக, சில கரடிகளின் தலையை மட்டும் இரண்டு துண்டாக வெட்டி இணைத்தார்கள். சிக்கனத்துக்காகப் போட்ட தையல் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் அடையாளம்.

இங்கிலாந்துக் கரடிகள்

தமிழர் குடும்பங்களில் மேலைநாட்டுப் பழைய கரடி இருந்தால் அது பெரும்பாலும் இங்கிலாந்து வழியாக வந்ததாகவே இருக்கும். அங்கே படிக்கவும் வேலைக்கும் போனவர்கள் வாங்கி வந்தவை, குடியேறியவர்கள் அறக்கொடைக் கடைகளில் எடுத்தவை. ஆகவே ஃபார்னெல், சில்டர்ன், சாட் வேலி, டீன்ஸ், மெரிதாட் ஆகிய பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. லண்டன் ஹாரட்ஸ் கடையில் 1921இல் வாங்கி, பின்னால் வின்னி த பூ கதைகளுக்கு மூலமான கரடி ஃபார்னெல் செய்ததுதான். அது இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. மெரிதாட் 1930இல் அயர்ன்பிரிட்ஜில் தொடங்கியது.

இவற்றின் சீட்டு பெரும்பாலும் உள்ளங்காலில் தைத்திருக்கும். சாட் வேலி சீட்டு ஆண்டைக் கணிக்க நன்றாகக் கைகொடுக்கும். அந்நிறுவனம் 1938இல் அரச அங்கீகாரம் பெற்றது. சீட்டில் ‘மாட்சிமை தங்கிய அரசிக்குப் பொம்மை செய்வோர்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் போருக்குச் சற்று முன்பிலிருந்து 1950களின் தொடக்கம் வரை. ஆறாம் ஜார்ஜ் 1952இல் இறந்தார், அரசி ‘அரச அன்னை’ ஆனார், சீட்டின் வாசகமும் மாறியது. ‘அரச அன்னை’ என்று இருந்தால் 1953க்குப் பின். உள்ளங்கையிலும் பாதத்திலும் ரெக்சின் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் 1930களுக்கும் 1950களுக்கும் இடைப்பட்ட இங்கிலாந்துக் கரடி. ரெக்சின் வெடித்துச் செதில் செதிலாக உரிவது இயல்பு. அதைப் பிய்த்தெடுக்க வேண்டாம்.

வேல்ஸில் இயங்கிய வெண்டி பாஸ்டன் நிறுவனம் 1948இல் கழன்று வராத திருகுக் கண்களையும், 1954இல் இயந்திரத்தில் துவைக்கக்கூடிய கரடியையும் கொண்டுவந்தது. குழந்தைகளின் பாதுகாப்புக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் மூட்டு அசையாத அந்த நுரைக் கரடிகளுக்குச் சந்தையில் விலை குறைவு. சீட்டில் ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரையான சி.இ. எழுத்துகள் இருந்தால் பொம்மை 1990ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வந்தது; வயதைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை.

விலை ஏற்றும் கதை

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில், ஒரே அளவில் செய்த இரண்டு கரடிகளின் விலை மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவதற்குக் காரணம், அவை யாருடைய மடியில் வளர்ந்தன என்ற செய்தி. 1994 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ‘டெடி கேர்ள்’ என்ற ஸ்டைஃப் கரடி 1,10,000 பவுண்டுக்குப் போனது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகம். பாப் ஹெண்டர்சன் என்ற ராணுவ கர்னல் சிறு குழந்தையாக இருந்தது முதல் தன் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்த கரடி அது. வாங்கியவர் ஜப்பானியரான யோஷிஹிரோ செகிகுச்சி. இஸு டெடி கரடி அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்.

1908இல் ரஷ்யாவின் கிராண்ட் டியூக் ஜார்ஜ் மிகைலோவிச் தன் மகள் செனியாவுக்காகச் செய்யச் சொன்ன சிவப்புக் கரடியின் பெயர் அல்ஃபோன்ஸோ. 1914இல் தாயாருடன் இங்கிலாந்து வந்திருந்த செனியா போர் மூண்டதால் திரும்ப முடியவில்லை. தந்தை 1919இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகளிடம் கடைசிவரை இருந்தது அந்தக் கரடி. 1989இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 12,100 பவுண்டுக்கு விற்றது.

உங்கள் வீட்டில் இளவரசிகள் இருக்க வேண்டியதில்லை. அத்தையின் மூன்றாவது பிறந்தநாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் கரடி தெரிந்தால், அந்தப் படமே சான்று. அதன் பின்பக்கம் ஆண்டும் ஊரும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. பொம்மையை அறிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்: யார் வாங்கியது, எந்த ஊர்க் கடை, என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், இந்தக் கையை யார் தைத்தது? சொல்வதைத் தேதியோடு எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கி, பொம்மையோடு ஓர் உறையில் வையுங்கள். தாள் ஒன்றைக் குண்டூசியால் பொம்மையில் குத்த வேண்டாம், ஊசி துருப்பிடிக்கும். படத்தின் அசலைப் பொம்மையிடமிருந்து பிரிக்கவும் வேண்டாம். தம்பி வீட்டு ஆல்பத்தில் படமும் அக்கா வீட்டு அலமாரியில் கரடியுமாகப் பிரிந்துவிட்டால் இரண்டும் மதிப்பிழக்கும்.

தேய்மானத்தை எடைபோடுதல்

குழந்தை கொஞ்சிய இடத்தில் ரோமம் போயிருப்பது பெரிய குறை ஆகாது. மூக்கு, வயிறு, பிடித்து இழுத்த கை இவை தேயத்தான் செய்யும். கை இடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் பாருங்கள். வெயில் படாத அந்த இடங்களில்தான் அசல் நிறம் தெரியும். விலையைக் குறைப்பவை வேறு: பூச்சி அரித்த ஓட்டைகள், மாற்றிய பாதத் துணி, காணாமல்போன காது, துணியே இற்றுப்போய்த் தொட்டால் கிழியும் நிலை. கவிழ்த்தால் உறுமும் கருவி உள்ளே ஊமையாகிப் போயிருந்தால் விலை சற்றுக் குறையும். அதற்காக முதுகைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அதைவிடக் கூடுதல் நட்டம்.

பாட்டி போட்ட பெரிய பெரிய தையல்களைப் பிரித்துவிட்டு நேர்த்தியாகத் தைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். குடும்பப் பொம்மையில் அந்தத் தையலுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

போலிகளும் உண்டு. ஸ்டைஃப் பொத்தானை வேறு கரடியின் காதில் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழமை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். தேய்மானம் உடம்பு முழுக்க ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், பிற்காலச் செயற்கை நூலும் வெளுப்பேற்றிய துணியும் நீல வெள்ளையாகப் பளிச்சிடும்.

எந்த விலை?

‘இது என்ன விலை போகும்?’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஏலத்தில் விற்றால் கிடைக்கும் விலை ஒன்று. அதே போன்ற கரடியைக் கடையில் வாங்கப் போனால் கொடுக்க வேண்டிய விலை இன்னொன்று. காப்பீட்டுக்கு இரண்டாவதை எழுத வேண்டும். சொத்தைப் பங்கிடும்போது முதலாவதை எடுத்துக்கொள்வதே நியாயம். ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகை முழுவதும் கைக்கு வராது. விற்பவரிடம் ஏல நிறுவனம் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று தரகு பிடிக்கும். படம் எடுக்க, காப்பீடு செய்ய என்று தனிக் கட்டணங்களும் சேரலாம். பொம்மையை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலையையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் விலை பார்ப்பவர்கள் கேட்கும் விலையையும் விற்ற விலையையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஈபேயில் ‘விற்றவை’ என்ற பிரிவை மட்டும் பாருங்கள். 1993இல் அமெரிக்காவின் டை நிறுவனம் கொண்டுவந்த பீனி பேபி பொம்மைகளை 1990களின் பிற்பகுதியில் மக்கள் முதலீடு போல வாங்கிக் குவித்தார்கள். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. இளவரசி டயானா நினைவாக வந்த ஊதா நிறக் கரடிக்கு இன்றும் லட்சக்கணக்கான டாலர் கேட்டு விளம்பரம் போடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை சில பத்து டாலருக்குத்தான் கைமாறுகின்றன. 1970களுக்குப் பின் ஆலைகளில் பெருமளவில் செய்த சாதாரணப் பஞ்சுப் பொம்மைகளுக்கும் சந்தை விலை அனேகமாக இல்லை. அவற்றை விலைக்காக வைத்திருக்காதீர்கள், பிரியத்துக்காக வைத்திருங்கள்.

மதிப்பீட்டாளருக்கு அனுப்புவதும் அதுவரை காப்பதும்

பொம்மை ஏலம் நடத்தும் நிறுவனங்கள் பல, படத்தைப் பார்த்தே முதல் மதிப்பீட்டை இலவசமாகச் சொல்லும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல் வைத்து எடுங்கள்: முன், பின், இரண்டு பக்கம், முகம் அருகில், இடது காது அருகில், உள்ளங்கால், சீட்டு, சேதமான இடம். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நின்ற உயரத்தைச் சென்டிமீட்டரில் குறியுங்கள். குடும்பப் படங்களின் நகலையும் எழுதி வைத்த செய்தியையும் சேர்த்து அனுப்புங்கள். குறைகளை மறைக்க வேண்டாம். நேரில் பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும், அப்போது உங்கள் மற்ற சொற்களையும் சந்தேகிப்பார்கள்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றே மோஹேருக்கு முதல் பகை. பூஞ்சை பிடிக்கும், அந்துப்பூச்சியும் வண்டும் வரும். நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியில் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் நிரந்தரமாகக் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அந்துருண்டை பொம்மையின் மேல் படக் கூடாது. தூசியை மெல்லிய தூரிகையால் ரோமத்தின் போக்கிலேயே தட்டுங்கள். தூசு உறிஞ்சும் கருவி என்றால் வாயில் நைலான் வலை கட்டி, மிகக் குறைந்த விசையில் வைத்து, பொம்மையைத் தொடாமல் பிடியுங்கள்.

பூச்சி இருப்பதாகத் தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். பொம்மையைப் பாலிதீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக மூடி, வீட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த ரோமத்தில் நீர் கோத்துக்கொள்ளும். வர்ணம் பூசிய முகமோ மெழுகுப் பாகமோ உள்ள பொம்மைக்கு இந்த முறை ஆகாது; அதைத் துணிப் பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.